ஃபைல் பாத்தா, யூஆர்எல்லா? க்யூட்டில் கோப்பைத் திறப்பதற்கு முன்

க்யூட் என்பது மென்பொருள் எழுத உதவும் சி++ கருவித்தொகுப்பு. அதன் திரை வடிவமைப்பு மொழியான கியூஎம்எல்லில் ஒரு ஃபைல்டயலாக் (கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி) வைக்கிறீர்கள். பயனர் தேர்ந்தெடுத்ததை ஸ்ட்ரிங்காக மாற்றி சி++ பக்கம் அனுப்பி, கியூஃபைல் மூலம் திறக்கப் பார்த்தால் திறக்காது. கோப்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. டயலாக் தருவது யூஆர்எல் (இணைய முகவரி பாணியில் எழுதிய முகவரி), கியூஃபைல் கேட்பது பாத் (வட்டில் கோப்பு இருக்கும் இடம்). அவ்வளவுதான் சிக்கல்.

படி 1: கையில் இருப்பது எது?

அதை அச்சிட்டுப் பாருங்கள். /ஹோம்/ராணி/ என்று தொடங்கினால் பாத். ஃபைல்:///ஹோம்/ராணி/ என்றால் யூஆர்எல். மூன்று சாய்கோடு எதற்கு? முதல் இரண்டுக்குப் பிறகு கணினியின் பெயர் வர வேண்டும். நம் கணினியே என்பதால் அது காலி. மூன்றாவது, பாத்தின் முதல் கோடு. விண்டோஸில் ஃபைல்:///சி:/ என்று வரும்.

யூஆர்எல்லில் இடைவெளி %20 ஆகிவிடும். தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் வேடிக்கை: ‘அம்மா’ என்பது முழுதாகக் குறியாக்கினால் 45 எழுத்துகள்!

படி 2: மாற்றும்போது வெட்டாதீர்கள்

முன்னால் உள்ள ஃபைல்:// பகுதியை வெட்டி எறிந்தால் லினக்ஸில் சில சமயம் ஓடிவிடும். விண்டோஸில் /சி:/ என்று மிஞ்சும். %20-யும் அப்படியே நிற்கும். யூஆர்எல்லைக் கையாளும் க்யூட் வகுப்பான கியூயூஆர்எல்லின் டூலோக்கல்ஃபைல்() இதையெல்லாம் சரியாகச் செய்யும்.

எதிர்த்திசையில், அதாவது பாத்தை யூஆர்எல்லாக்க, ஃப்ரம்லோக்கல்ஃபைல்(). பாத்தை நேரடியாகக் கியூயூஆர்எல்லுக்குள் போடாதீர்கள். ‘பில்#4’ என்ற கோப்பில் #-க்குப் பின்னால் இருப்பது பெயரின் பகுதியாகவே கருதப்படாது. ‘சி:’ என்பதையோ எச்டிடிபி போல ஒரு நெறிமுறை என்று எடுத்துக்கொள்ளும்.

படி 3: உள்ளே எதை வைப்பது?

பில் போடும் மென்பொருள், சாதாரண எடிட்டர் போன்றவை வட்டில் இருப்பதை மட்டும் தொடும். அவற்றுக்கு பாத் போதும். டயலாக்கிலிருந்து வந்ததும் மாற்றிவிட்டால் அப்புறம் யூஆர்எல் பற்றிய கவலையே இல்லை.

பாட்டு பிளேயர் கதை வேறு. இன்று வட்டிலுள்ள பாட்டு, நாளை இணைய ரேடியோ என்று கேட்பார்கள். பாட்டை ஒலிக்கவிடும் க்யூட் வகுப்பான கியூமீடியாபிளேயரும் யூஆர்எல்லைத்தான் வாங்குகிறது, இழுத்துப் போடும் கோப்புகளும் யூஆர்எல்லாகவே வரும். அதனால் உள்ளே முழுக்க யூஆர்எல்லே இருக்கட்டும். வட்டிலிருந்து படிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஈஸ்லோக்கல்ஃபைல்() கேட்டுவிட்டு மாற்றுங்கள். கேட்காமல் ஓர் இணைய முகவரியை மாற்றினால் பிழை எதுவும் வராது, காலி ஸ்ட்ரிங்தான் வரும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.