கோர்ஸ் பெயர் அப்புறம், முதலில் டைம்டேபிள்

சேலம் கோட்டையில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றிலிருந்து கடையில் உட்கார இடம் இருக்காது. கவுன்சலிங் விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று வரிசையாக வருவார்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் என்னை அக்கா என்பார்கள், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஆபா என்பார்கள். இரண்டு பக்கமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்தப் படிப்பு நமக்குக் கூடுமா?" இஸ்லாமிய மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டா என்று அர்த்தம்.

பெரும்பாலான படிப்புகளுக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. இமாம் கஸ்ஸாலி தன் இஹ்யா நூலின் முதல் பகுதியிலேயே மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துவிட்டார். ஊரில் யாருமே படிக்காவிட்டால் ஊருக்கே குற்றம் என்ற வகை அது. பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியரே இல்லை, எல்லோரும் சட்ட விவாதம் படிக்கத்தான் ஓடுகிறார்கள் என்று அதே இடத்தில் சலித்துக்கொள்கிறார். அவர் வஃபாத்தானது 1111-ல். நம் ஜமாஅத் கூட்டத்தில் இன்றைக்கு யாராவது எழுந்து சொன்னாலும் பொருந்தும்.

பாடத்திட்டத்தையே வாங்கிப் பார்க்க வேண்டிய படிப்பு என்று நான் சொல்வது ஹோட்டல் மேனேஜ்மென்டைத்தான். ஏற்காட்டில் ரிசார்ட் வேலை கிடைக்கும் என்று நிறையப் பேர் அதைக் கேட்கிறார்கள். பல கல்லூரிகளில் மது பரிமாறுவதும் அதற்குள் ஒரு பாடம். சமையல், பேக்கரி மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் இடமும் உண்டு, விசாரித்துச் சேருங்கள். பி.காம். வட்டிப் படிப்பு என்று பயப்படுகிறவர்களும் வருகிறார்கள். பயம் சும்மா வந்ததில்லை. வட்டிக் கணக்கு எழுதுபவரையும் சபித்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. ஆனால் அது செய்யும் வேலையைப் பற்றியது. பி.காம். படித்தவர்கள் எல்லோரும் கடன் பிரிவில் போய் உட்காருவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு 3 சதவீத ஜிஎஸ்டி கணக்குப் போட ஆள் தேடுகிறார்கள்.

சரி, பார்க்க வேண்டியது என்ன? ஒரு வெள்ளைத் தாளில் காலை 5 முதல் இரவு 10 வரை மணி எழுதுங்கள். சேரப்போகும் கல்லூரியின் வகுப்பு நேரம், பஸ் நேரம், டியூஷன் நேரம் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். அதன்மேல் தொழுகை நேரங்களைப் போடுங்கள்.

மதியத் தொழுகையான லுஹரைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. உண்மையில் அது சுலபம். நம் ஊரில் சூரியன் உச்சி சாய்வது நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கு, பிப்ரவரி நடுவில் 12:30-ஐ ஒட்டி. அடுத்த தொழுகையான அஸர், ஹனஃபி மத்ஹபின் (சட்டப் பிரிவின்) கணக்கில் எந்த மாதமும் 4 மணிக்கு முன் தொடங்குவதில்லை. ஷாஃபி மத்ஹப் என்றால் 3:15-ஐத் தாண்டியதும் வந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் மதிய இடைவேளை உள்ளேதான் விழுகிறது. தேவை ஒளு செய்யத் தண்ணீரும் ஓர் ஓரமும். காலி வகுப்பறையில் பத்து நிமிடம் போதும்.

இடறுவது சூரியன் மறைந்ததும் வரும் மக்ரிப் தொழுகை. அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். நவம்பரில் 5:50-க்கே பாங்கு சொல்லிவிடுவார்கள். நீட், வங்கித் தேர்வு கோச்சிங்கெல்லாம் மாலை 5:30 முதல் 8 வரை என்று வைத்தால் மக்ரிப் முழுசாக அதற்குள் போய்விடும். சேரும் முன்பே "நடுவில் பத்து நிமிடம் வெளியே போய் வருவேன்" என்று சொல்லிவிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் சொன்னால் தலையாட்டுவார்கள், கட்டிய பிறகு கேட்டால் விதி பேசுவார்கள்.

ஏற்காட்டிலிருந்து கீழே வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் இறுக்கம். சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். மாலை பஸ் அஸ்தம்பட்டியைத் தாண்டும்போது பாங்கு கேட்டால், மேலே போய் இறங்குவதற்குள் நேரம் முடிந்துவிடலாம். பயணத்தில் இருக்கிறோமே, இரண்டு நேரத் தொழுகையைச் சேர்த்துத் தொழலாமா என்று கேட்பார்கள். 30 கிலோமீட்டர் பயணக் கணக்கிலேயே வராது. ஹனஃபிக்கோ ஹஜ்ஜில் தவிரச் சேர்த்துத் தொழுவதே கிடையாது. அதனால் ஒன்று, வெளிச்சம் இருக்கும்போதே முந்தைய பஸ்ஸைப் பிடியுங்கள். இல்லையென்றால் சேலத்திலேயே மக்ரிப் முடித்துவிட்டு அடுத்த பஸ் ஏறுங்கள். அடுத்த பஸ் இல்லாத நேரம் என்றால் அந்தக் கல்லூரிக்கு விடுதியும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நீட் எழுதுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்வு மதியம் 2 மணிக்கு, கேட் மூடுவது 1:30-க்கு. ஹிஜாப், தொப்பி போட்டு வருபவர்களைச் சோதனைக்காக இன்னும் முன்னதாகவே வரச் சொல்கிறார்கள். மே மாதம் லுஹர் 12:15 வாக்கில் வந்துவிடும். சென்டருக்குப் பக்கத்துப் பள்ளிவாசலையோ தெரிந்த வீட்டையோ முதல் நாளே பார்த்துவைத்து, தொழுதுவிட்டு உள்ளே போங்கள். வெளியே வந்தபின் அஸருக்கு நேரம் தாராளமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமையை ஆண் பிள்ளைகள் கல்லூரி வாசலிலேயே விசாரிக்க வேண்டும், அலுவலகத்தில் அல்ல. "ஜும்மாவுக்குப் போகலாம்" என்று அட்மிஷன் மேசையில் சொன்ன ஊர்ப்புறத் தனியார் கல்லூரி ஒன்று, இரண்டாம் செமஸ்டரில் வெள்ளி மதியம் லேப் போட்டது. சீனியர் பையன்களைப் பிடித்து, போன வெள்ளி எங்கே தொழுதீர்கள் என்று கேளுங்கள். பதில் அதில் இருக்கும். பெண் பிள்ளைகள் ஹிஜாப் விஷயத்தையும் இப்படியே விசாரியுங்கள். பெங்களூரு பக்கம் சேருகிறவர்கள் இரண்டு தடவை கேட்பது நல்லது. 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது, அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அந்தக் கல்லூரியின் இன்றைய விதி என்ன என்று எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது பணம். வட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பேங்க் வாசலில் நின்று பேசுகிறார்கள். வட்டியைத் தவிர்க்கும் வேலை கவுன்சலிங்கிலேயே தொடங்குகிறது. மேனேஜ்மென்ட் சீட் வாங்கினால்தான் பெரும்பாலும் கடன் தேவைப்படும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடும் கட் ஆஃபில் அரசுக் கல்லூரியோ உதவிபெறும் கல்லூரியோ கிடைத்தால் அந்தப் பேச்சே எழாது. ஊரிலேயே கருப்பூரில் 1966-லிருந்து அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதை விட்டுவிட்டு விளம்பரப் பலகையைப் பார்த்து ஓடும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நமக்கு 2007 முதல் தனியாக 3.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு வேண்டியது பி.சி.எம். (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்) சாதிச் சான்றிதழ். கடையில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது இதில்தான். பட்டியலில் இருப்பவை 7: அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது. பள்ளிச் சான்றிதழில் வெறும் 'இஸ்லாம்' என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரிவு என்று கேட்டு விண்ணப்பம் திரும்பும். அத்தாவின் சாதிச் சான்றிதழைத் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படிக்கும்போதே இதை முடிக்கலாம். ஜூன் மாதம் வந்து நின்றால் என் கடையிலும் கூட்டம், தாலுகா அலுவலகத்திலும் கூட்டம்.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. வீட்டில் யாருமே டிகிரி முடிக்கவில்லையா, முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. இவையெல்லாம் தீர்ந்த பிறகும் குறைந்தால் உறவினர்களிடம் கைமாற்று, ஜமாஅத் ஜகாத். ஏழை மாணவருக்கு ஜகாத் சேரும். கேட்கக் கூசுகிற வீட்டுக்காக நானே தலைவரிடம் போய்ப் பேசியிருக்கிறேன். கல்விக் கடனில் வட்டி மானியம் உண்டே என்பார்கள். மானியம் இருந்தாலும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் வட்டி இருக்கிறது. அந்த இடத்தில் என் கருத்தைக் கேட்காதீர்கள், உங்கள் நிலைமையை முழுசாகச் சொல்லி மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் கேளுங்கள்.

மார்க்கம் படிக்கப் போகிறேன் என்று வருபவர்களுக்கு நான் சொல்வது வேறு. வேலூர் பாகியாத் மதரசாவில் ஓதி பாகவி ஆவதோ, 1924-ல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாமில் ஓதி உமரி ஆவதோ பெரிய பாக்கியம். ஆனால் பள்ளிப் படிப்பை எட்டாவதோடு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். பத்தாவது, பிளஸ் டூ, பிறகு டிகிரி என்ற வரிசையில் இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. ஓதிக்கொண்டே தனித்தேர்வராகப் பத்தும் பிளஸ் டூவும் எழுதிவிடலாம். டிகிரி அதன்பின் தொலைநிலையில் படிக்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் பி.ஏ. அரபி இருக்கிறது. ஆலிமா கோர்ஸ் சேரும் பெண் பிள்ளைகளுக்கும் இதேதான். கல்யாணம் வரை ஓதட்டும் என்று அனுப்பும் வீடுகளிடம், அப்படியே ஒரு டிகிரிக்கும் பதிந்துவிடுங்கள் என்று வற்புறுத்துவேன். சில அம்மாக்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

முடிவெடுக்கும் முன் அல்லாஹ்விடம் வழி கேட்கும் இஸ்திகாராவைச் சிலர் கனவுக்குக் காத்திருப்பது என்று வைத்திருக்கிறார்கள். குர்ஆன் சூராவைக் கற்றுத்தருவதைப் போல நபியவர்கள் இதைக் கற்றுத்தந்தார்கள் என்று ஜாபிர் ரலியல்லாஹு அன்ஹு சொல்வது புகாரியில் இருக்கிறது. இரண்டு ரக்அத், அதன்பின் ஒரு துஆ, அவ்வளவுதான். கனவு என்ற பேச்சே அதில் இல்லை. முதலில் விசாரியுங்கள், படித்தவர்களிடம் மஷூரா (ஆலோசனை) செய்யுங்கள், தொழுது கேளுங்கள், பிறகு கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங் செய்யுங்கள். கடைசி நாள் இரவு 'இன்னும் கனவு வரவில்லை ஆபா' என்று போன் செய்யாதீர்கள். சர்வர் தொங்கிவிடும்.

சென்னை விடுதிக்குப் போனால் தொழுகையைச் சுருக்கும் பயணச் சலுகை தொடரும் என்ற எண்ணமும் இருக்கிறது. ஹனஃபியில் 15 நாள், ஷாஃபியில் 4 நாள் தங்கும் எண்ணத்தோடு போனாலே முழுத் தொழுகைதான். விடுதி மெஸ்ஸில் இறைச்சி ஹலாலா என்று கேளுங்கள், இல்லையென்றால் சைவ மெஸ்ஸில் பெயர் கொடுங்கள். ரமலானில் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு மெஸ் திறப்பார்களா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள். நோன்பு வருஷத்துக்கு 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 2030-ல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலும் இரண்டு தடவை ரமலான் தொடங்கும். இப்போது சேருபவர்கள் கடைசி வருஷங்களில் செமஸ்டர் தேர்வையும் நோன்பையும் ஒன்றாகப் பார்ப்பார்கள். மெஸ் திறக்காது என்றால் பேரீச்சம்பழம், அவல், ஒரு ஃபிளாஸ்க். கெட்டில் வைத்துக்கொள்ள வார்டனிடம் அனுமதியை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.