பழைய சைக்கிளுக்குப் புது ஸ்டெம்: எங்கெங்கே தப்பு நடக்கிறது

பழைய சைக்கிளில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையின்) குழாய்க்குள் இறங்கி நிற்கும். மேலே இருக்கும் நீள போல்ட்டை முறுக்கினால், அடியில் உள்ள ஆப்பு குழாயின் உட்சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். குவில் ஸ்டெம் என்பது இதுதான். 1990களின் தொடக்கத்தில் டயா-காம்ப் நிறுவனம் 'அஹெட்செட்' என்ற பேரிங் அமைப்பைக் கொண்டுவந்த பிறகு பரவிய புது வகை, மரை இல்லாத குழாயை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கிறது. ஒன்று உள்ளே பிடிக்கிறது, இன்னொன்று வெளியே பிடிக்கிறது. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு வேலையில் இறங்குவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

அதில் ஆபத்தானது, மரை வெட்டிய பழைய குழாயிலேயே புது ஸ்டெம்மை மாட்டப் பார்ப்பது. பழைய குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 25.4 மி.மீ., இன்றைய ஸ்டெம்மின் வாய் 28.6 மி.மீ. நடுவில் ஒரு ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) வைத்தால் உட்கார்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் மரை வெட்டிய இடம் குழாயிலேயே மெலிந்த இடம். அங்கே கவ்வி இறுக்கி, அதன்மேல் உடல் எடையையும் போட்டால் ஒருநாள் விரிசல் விடும். இதற்கென்றே அடாப்டர் கிடைக்கிறது. கீழ்ப்பகுதி குவில் போலக் குழாய்க்குள் போகும், மேல்பகுதி 28.6 மி.மீ. தடிமனில் வெளியே நிற்கும். ஃபோர்க்கையும், அது திரும்ப உதவும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டையும் சேர்த்து மாற்றுவது இன்னொரு வழி. ஸ்டெம் மட்டும் மாறினால் போதும் என்பவர்களுக்கு அடாப்டரே போதும் என்பது என் கருத்து. பார்க்கக் கொஞ்சம் ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அடாப்டர் வாங்கும் முன் அளவெடுக்க வேண்டும். ஒரு அங்குல ஃபோர்க்குக்குப் பொதுவான உள்ளளவு 22.2 மி.மீ. பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் 22.0, சில பழைய அமெரிக்க சைக்கிள்களிலும் பி.எம்.எக்ஸ். வண்டிகளிலும் 21.1. மரை வைத்த பெரிய ஃபோர்க்குகளில் 25.4. பழைய ஸ்டெம்மில் குழாய்க்குள் இருந்த பகுதியைத் துடைத்துவிட்டு வெர்னியர் காலிப்பர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போகாததைச் சுத்தியால் அடித்து இறக்குவதும், தொளதொளவென்று இருப்பதைப் போல்ட் இறுக்கிச் சமாளிப்பதும் வேண்டாம்.

பழைய ஸ்டெம்மைக் கழற்றும்போது பலர் நடு போல்ட்டை முழுக்க உருவிவிடுகிறார்கள். ஆப்பு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சில சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட் தலை மேலெழுந்ததும் மரக்கட்டை வைத்துத் தட்டினால் ஆப்பு விடும். அலுமினிய ஸ்டெம்மும் இரும்புக் குழாயும் பல வருடம் ஒட்டிக் கிடந்தால் அரித்து இறுகிப் போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முரட்டுத்தனமாகத் திருகினால் ஃபோர்க் கோணிவிடும்.

அப்புறம் ஹெட்செட். புது வகை சைக்கிளில் மேல்மூடி போல்ட்டை இறுக்கித்தான் பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்வார்கள். அடாப்டர் போட்ட சைக்கிளில் அந்த மூடிக்கு அந்த வேலை இல்லை. பேரிங்கைப் பிடித்து வைத்திருப்பது பழைய மரை கப்பும் அதன் மேலுள்ள லாக்நட்டும்தான். அதனால் லாக்நட்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஆட்டம் இருந்தால் ஸ்டெம்மை விட்டுவிட்டு அங்கே பாருங்கள்.

அடாப்டரில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். உயரம் வேண்டுமென்று அதற்கு மேலே தூக்கினால், ஆப்பு மரைப் பகுதியிலேயே விரிந்து குழாயைப் பிளக்கும். உள்ளே போகும் பகுதிக்கும் ஆப்புக்கும் கிரீஸ் தடவ மறக்காதீர்கள், இல்லையென்றால் அடுத்தவர் பாடு திண்டாட்டம்.

ஹேண்டில்பார் பிடிக்கும் வாயிலும் அளவுகள் உண்டு: 25.4, 26.0, இன்று பரவலான 31.8. 25.4 பாரை 26.0 வாயில் இறுக்கினால் பிடித்த மாதிரிதான் இருக்கும், பிரேக் அழுத்தும்போது வழுக்கும். சரியான ஷிம் போட்டுவிடுங்கள். நான்கு போல்ட்டுகளையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும்.

நீளத்தை மட்டும் பார்த்து ஸ்டெம் வாங்குவதும் ஏமாற்றும். பழைய ரேஸ் வகை ஸ்டெம் பெரும்பாலும் தரைக்கு இணையாக நிற்கும். 6 டிகிரி ஏற்றமுள்ள 100 மி.மீ. புது ஸ்டெம்மில் கைப்பிடி கிட்டத்தட்ட 4 செ.மீ. உயர்ந்து, 8 மி.மீ. அளவுக்குப் பின்னுக்கும் வரும். தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் 2 செ.மீ. உயரம் மிஞ்சும். முதுகுவலிக்காக மாற்றுகிறவர்களுக்கு இது லாபம்தான், ஆனால் கேபிள் எட்டாமல் போகலாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள், கேபிள் விறைத்தால் நீளமானது போட வேண்டும். சில பழைய ஸ்டெம்களில் முன் பிரேக் கேபிள் ஸ்டெம்மில் உள்ள துளை வழியாகவே போகும். அந்தத் துளை புதியதில் இருக்காது, கேபிளைத் தாங்க, ஹெட்செட்டில் மாட்டும் தனி ஹேங்கர் தேவைப்படும். கம்பி பிரேக் வைத்த சைக்கிளாக இருந்தால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். அதில் பிரேக் கம்பிகள் ஹேண்டிலோடு சேர்ந்தே அமைந்திருக்கும்.