லேப்டாப் கடிகாரம் தப்பு நேரம் காட்டுகிறதா? பேட்டரி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

லேப்டாப்பில் நேரம் தப்பாக ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே வரும் பதில், "சிமாஸ் பேட்டரி போயிருக்கும், மாற்றிவிடு." (லேப்டாப் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி அது.) நானும் அதை நம்பி ஒரு நண்பரின் லேப்டாப்பை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கொக்கியையும் உடைத்து, புது பேட்டரி போட்டு மூடிவிட்டுப் பார்த்தால், கடிகாரம் முன்பு போலவே சரியாக ஒரு மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. டைம் ஸோன் தப்பாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அரை நிமிட வேலை. கொக்கி இன்னும் உடைந்துதான் இருக்கிறது.

அதனால் இந்தப் பதிவில் ஸ்க்ரூ டிரைவர் கடைசியில்தான் வரும்.

நேரம் தப்பினால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். சில நிமிடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தேதியே மாறிப்போனால் பிரவுசர் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று கத்தும். ஏனென்றால் ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஒரு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு, உங்கள் லேப்டாப் பழைய வருடத்தில் நின்றுகொண்டிருந்தால் அந்தச் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. "இன்டர்நெட் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் சில கடைசியில் கடிகாரத்தில் போய் முடிவது இப்படித்தான்.

முதலில், எவ்வளவு தப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். கைபேசியையும் லேப்டாப்பையும் பக்கத்தில் வைத்து, தேதி, மணி, நிமிடம், முடிந்தால் நொடி வரை ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பாதி நோயை அந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

நொடி சரியாக இருந்து நேரம் மட்டும் முழு மணிக் கணக்காகவோ, அரை மணி, முக்கால் மணிக் கணக்காகவோ தள்ளி இருந்தால் அது டைம் ஸோன். (முக்கால் மணியா என்று யோசிக்காதீர்கள், நேபாளத்தின் நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 5 மணி 45 நிமிடம் முந்தியது.) சரியாக 12 மணி நேரம் என்றால் யாரோ கையால் நேரம் வைக்கும்போது காலையை மாலையாக்கிவிட்டார்கள். தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது, அதுவும் லேப்டாப்பை அணைத்து வைத்த பிறகுதான் நடக்கிறது என்றால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இப்போது நாலைந்து நிமிடம் தப்பு என்றால் இணைய நேரத்தோடு ஒத்துப்போகும் வேலை நின்றுபோயிருக்கிறது.

இந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லேப்டாப்புக்குள் இரண்டு கடிகாரம் இருக்கிறது. ஒன்று மதர்போர்டில் இருக்கும் சின்ன சில்லு, லேப்டாப் அணைந்திருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத் துணை ஒரு குவார்ட்ஸ் படிகம், நொடிக்கு 32,768 முறை அதிரும். அதென்ன விநோதமான எண் என்றால், அதைப் பாதி, பாதி என்று 15 முறை வகுத்தால் சரியாக 1 வரும், அதாவது நொடிக்கு ஒரு துடிப்பு. இன்னொன்று விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளும் கடிகாரம். லேப்டாப் தொடங்கும்போது சில்லைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு தன் கணக்கில் ஓடும்.

இந்த மலிவான படிகங்கள் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகுவது சகஜம். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே மாதம் அரை நிமிடம் நகர்ந்தால் அது பழுதே இல்லை. அதைச் சரிக்கட்டத்தான் 1985-லிருந்து என்டிபி என்ற நெறிமுறை இருக்கிறது: லேப்டாப் அவ்வப்போது இணையத்தில் ஒரு நேர சர்வரிடம் மணி கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

படி 1: டைம் ஸோனும் சிங்க்கும் (இணைய நேரத்தோடு ஒத்துப்போவது)

டாஸ்க்பாரில் கடிகாரத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து, தேதி நேரத்தை மாற்றும் வரியைத் தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸில் "டேட் அண்ட் டைம்" பக்கம் திறக்கும். டைம் ஸோன் உங்கள் இடத்துக்கு உரியதா பாருங்கள். "செட் டைம் ஸோன் ஆட்டோமேட்டிகலி" ஆன் ஆகியிருந்தும் தப்பு ஸோன் வருகிறது என்றால், லேப்டாப் தான் இருக்கும் இடத்தையே தப்பாகக் கணித்திருக்கிறது. அதை ஆஃப் செய்துவிட்டுக் கையால் தேர்ந்தெடுங்கள். கோடைகால நேர மாற்றம் உள்ள நாடு என்றால் அதற்கான ஸ்விட்சையும் பாருங்கள், ஒரு மணி நேரத் தப்புக்கு அதுவும் காரணமாகும்.

அப்புறம் "செட் டைம் ஆட்டோமேட்டிகலி" ஆன் ஆகியிருக்க வேண்டும். கீழே "சிங்க் நவ்" பட்டனை அழுத்துங்கள். பச்சை டிக் வந்து நேரமும் சரியானால் வேலை முடிந்தது, இரண்டு நாள் கவனித்துவிட்டு மற்றதை மறந்துவிடலாம்.

படி 2: சிங்க் ஆகவில்லை என்றால்

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் விண்டோஸ் திருத்த மறுத்துவிடும். வீட்டு லேப்டாப்பில் வழக்கமான வரம்பு 54,000 நொடி, அதாவது 15 மணி நேரம். தேதி மூன்று வருடம் பின்னால் இருக்கும்போது எத்தனை முறை "சிங்க் நவ்" அழுத்தினாலும் தோல்விதான். எனவே தானாக நேரம் வைக்கும் ஸ்விட்சை ஆஃப் செய்து, "சேஞ்ச்" பட்டனை அழுத்தி, கைபேசியைப் பார்த்துத் தேதியையும் நேரத்தையும் கிட்டத்தட்டச் சரியாக வையுங்கள். பிறகு ஸ்விட்சை மறுபடி ஆன் செய்து சிங்க் கொடுங்கள். இப்போது ஏற்றுக்கொள்ளும்.

அப்படியும் இல்லையா? ஸ்டார்ட் மெனுவில் "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, பட்டியலில் "விண்டோஸ் டைம்" எங்கே என்று பாருங்கள். வீட்டு லேப்டாப்பில் இது எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது, தேவைப்படும்போது மட்டும் எழும், அதனால் நின்றிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். "டிசேபிள்டு" என்று இருந்தால்தான் சிக்கல். அதன் மேல் இரண்டு முறை க்ளிக் செய்து, ஸ்டார்ட்அப் டைப்பை "ஆட்டோமேட்டிக்" ஆக்கி, அப்ளை கொடுத்து, ஸ்டார்ட் அழுத்துங்கள்.

இன்னொன்று, சில நெட்வொர்க்குகளில் என்டிபி பயன்படுத்தும் யூடிபி 123 என்ற போர்ட்டை (இணையப் போக்குவரத்துக்கான வாசல் எண்) அடைத்து வைத்திருப்பார்கள். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு முறை முயன்று பாருங்கள், அதில் சிங்க் ஆனால் குற்றவாளி உங்கள் லேப்டாப் இல்லை. அலுவலக லேப்டாப் என்றால் அது பெரும்பாலும் அலுவலக சர்வரிடமிருந்துதான் நேரம் வாங்கும். நீங்கள் நோண்டாமல் ஐடி ஆட்களிடம் விட்டுவிடுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பிலா?

அப்படியென்றால் இரண்டும் சண்டை போடுகின்றன. விண்டோஸ் அந்தச் சில்லில் உள்ளூர் நேரத்தை வைக்கும், லினக்ஸ் யூடிசி நேரத்தை வைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு முறையும், உங்கள் ஊர் யூடிசியிலிருந்து எத்தனை மணி தள்ளி இருக்கிறதோ அத்தனை மணி தப்பும். இதில் எதுவும் கெட்டுப்போகவில்லை, இரண்டையும் ஒரே வழக்கத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஆரம்பநிலையில் இருப்பவருக்கு லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதுதான் எளிது, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டியதில்லை. லினக்ஸ் மட்டும் உள்ள லேப்டாப்பில் பயாஸ் திரையில் (விண்டோஸோ லினக்ஸோ தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) நேரம் தள்ளித் தெரிந்தால் அதுவும் இயல்புதான்.

படி 3: ஒரு ராத்திரி சோதனை

மேலே உள்ளதெல்லாம் சரியாக இருந்தும் அணைத்து வைத்தால் நேரம் தப்புகிறதா? இப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம், ஆனால் நிரூபித்துவிட்டுக் கழற்றுங்கள். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலிட் விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள் (சில மாடல்களில் எஃப்10 அல்லது எஸ்கேப்). அங்கே நேரத்தைச் சரியாக வைத்து, சேமித்து, அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பெரிய பேட்டரி என்றால் அதையும் கழற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

காலையில் திறக்கும்போது நேராக பயாஸுக்குத்தான் போக வேண்டும். விண்டோஸை உள்ளே விட்டால் அது இணையத்தைப் பிடித்து நேரத்தைத் திருத்தி, தடயத்தை அழித்துவிடும்! பயாஸில் நேரம் சரி என்றால் சின்ன பேட்டரி நன்றாக இருக்கிறது. தேதியே பழைய வருடத்துக்குப் போயிருந்தால் அது தீர்ந்துவிட்டது.

பெரிய பேட்டரியைக் கழற்ற முடியாத லேப்டாப்பில் இந்தச் சோதனை ஏமாற்றும். பல மாடல்களில் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருக்கும்வரை சில்லுக்கும் அங்கிருந்தே மின்சாரம் போகும். அதனால் சின்னது எப்போதோ செத்திருந்தாலும் வெளியே தெரியாது. சார்ஜ் மொத்தமாகத் தீர்ந்த பிறகு மட்டும் தேதி தப்புகிறது என்றால் அதுதான் அடையாளம்.

படி 4: பேட்டரி மாற்றுவது

முதலில் உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டைத் தேடிப் பாருங்கள். சில புதிய லேப்டாப்புகளில் தனி பேட்டரியே கிடையாது. இருந்தால் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி (20 என்பது விட்டம் மில்லிமீட்டரில், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம்). சிலவற்றில் பிளாஸ்டிக் உறை சுற்றி இரண்டு வயரும் சின்ன பிளக்கும் வைத்து வரும், அதற்கு அதே மாதிரி வயர் வைத்ததைத்தான் வாங்க வேண்டும். எம்எல் என்று தொடங்கும் எண் இருந்தால் அது சார்ஜ் ஆகும் வகை, அந்த இடத்தில் சிஆர் வகையைப் போடவே கூடாது. சார்ஜ் ஏற்றக்கூடாத லித்தியம் பேட்டரிக்குள் சார்ஜ் ஏறினால் அது வெடிக்கவும் கூடும்.

கழற்றும் முன் இரண்டு காரியம். பயாஸ் திரைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பேட்டரி மாற்றினால் சில அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடலாம். பிட்லாக்கர் (வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதன் மீட்புச் சாவியை லேப்டாப்புக்கு வெளியே எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் பேட்டரி மாற்றிவிட்டு, 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கும் நீலத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது ரொம்பக் கொடுமை.

அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கீழ் மூடியைக் கழற்றியதும் முதல் வேலை பெரிய பேட்டரியின் பிளக்கை உருவுவது. பிறகு பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். பழையதை எடுக்கும்போது பிளஸ் பக்கம் எது என்று பார்த்து, புதியதையும் அதே பக்கமாக வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை அளந்து பாருங்கள், 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றியது வீணில்லை. கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

மூடிய பிறகு பயாஸில் தேதி, நேரத்தை வைத்து, எடுத்த படங்களோடு மற்ற அமைப்புகளை ஒப்பிட்டுச் சேமியுங்கள். அன்று ராத்திரி அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். புது பேட்டரியிலும் தினம் சில நிமிடம் தப்பினால் கோளாறு படிகத்திலோ மதர்போர்டிலோ இருக்கிறது. அதற்காக மதர்போர்டு மாற்றும் அளவுக்குப் போக வேண்டாம், மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் இணைய நேர சிங்க்கை ஆனில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.