ரிசர்வ் படைக்குப் போன ஊழியருக்குச் சம்பளமா? ஃபார்ம் 8932-ஐ மறக்காதீர்கள்

நியூஜெர்சியில் சின்னக் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கிறேன். உங்கள் ஊழியர் 30 நாளுக்கு மேல் ராணுவப் பணிக்குப் போய், சம்பள வித்தியாசத்தை நீங்கள் கொடுத்தால், அதில் 20% உங்கள் ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) வரியில் கழியும். இந்தச் சலுகையைக் கேட்கும் படிவம்தான் ஃபார்ம் 8932. ஆளுக்கு ஆண்டுக்கு நீங்கள் கொடுத்த வித்தியாசத்தில் 20,000 டாலர் வரைதான் கணக்கு.

ஒரு மெக்கானிக்குக் கடையில் மாதம் 5,000, ராணுவத்தில் 3,500 என்று வையுங்கள். மீதி 1,500-ஐப் பத்து மாதம் கொடுத்தால் 15,000, சலுகை 3,000. ஆனால் முதலில் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பாருங்கள். இந்த வித்தியாசத்தைக் கொடுக்கும் காலத்துக்கு முந்தைய 91 நாளும் அவர் உங்கள் ஊழியராக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், இந்தத் தொகையில் வருமான வரி பிடிக்க வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கான) வரி பிடிக்கக் கூடாது. நானே ஒருமுறை பிடித்துவிட்டு, அசடு வழியத் திருப்பிக் கொடுத்தேன். சலுகை 3,000-ஐச் சம்பளச் செலவிலிருந்தும் குறைத்துக் காட்டுங்கள்.