மூளை ஸ்கேனில் நினைவைத் தேடுவது எப்படி?

ஸ்கேனர் இல்லாமலே இதைத் தொடங்கலாம், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மனதில் எது ஓடியது என்பதை அவருடைய எஃப்எம்ஆர்ஐ (வேலை செய்யும் மூளையை எடுக்கும் எம்ஆர்ஐ) படங்களிலிருந்து கணிக்க, தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வீட்டில் இருந்தபடியே பழகலாம், பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்தால் போதும். எம்ஆர்ஐ நேரம் இங்கே நோயாளிகளுக்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் பல ஆய்வகங்கள் தங்கள் டேட்டாவை ஓப்பன்நியூரோ போன்ற தளங்களில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. பெரிய கருவி கையில் இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம்: ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கோர்மாக், 1956-ல் கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதி நேரமாக வேலை பார்த்தபோது கணக்குப் போட ஆரம்பித்ததுதான் பின்னால் சிடி ஸ்கேனுக்காக 1979-ல் நோபல் வரை போனது.

நம் ஆட்கள் என்னிடம் முதலில் கேட்பது எப்போதும் இதைத்தான். பாட்டிக்கு ஞாபகம் தவறுகிறது, கேட்டோ மேனரில் இருந்த வீடு, அங்கே பாடிய கும்மிப் பாட்டு, இனம் பார்த்துக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து அனுப்பிய நாள், இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி எடுத்து வைக்க முடியுமா? முடியாது. இந்தக் கணிப்பு முறை, நீங்கள் முன்கூட்டியே கொடுத்த சில விடைகளில் எது பொருந்துகிறது என்றுதான் சொல்லும். முகமா வீடா, இந்தக் காட்சியா அந்தக் காட்சியா, அவ்வளவுதான். 2023-ல் டெக்சாஸில் ஒரு குழு, கேட்கும் கதையின் சாரத்தை வாக்கியமாகவே எழுதிக் காட்டியது உண்மை. அதற்கும் ஒவ்வொருவரும் 16 மணி நேரம் ஸ்கேனருக்குள் கதை கேட்டுப் படுத்திருக்க வேண்டியிருந்தது, ஒருவருக்குப் பழக்கியது இன்னொருவரிடம் வேலை செய்யவில்லை, அவரே மனதை வேறு பக்கம் திருப்பினாலும் கெட்டுவிட்டது. பாட்டியின் பாட்டு வேண்டுமென்றால் இன்றைக்கே போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

சரி, டேட்டாவுக்கு வருவோம். எஃப்எம்ஆர்ஐ நரம்பு செல்களை நேரடியாகப் பார்ப்பதில்லை, வேலை நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தம் பாய்வதைத்தான் பார்க்கிறது. அந்தப் பாய்ச்சல் உச்சத்துக்கு வர 5, 6 வினாடி ஆகும். மூளையைச் சின்னச் சின்னக் கட்டங்களாக, 2, 3 மில்லிமீட்டர் அளவில், பிரித்து அளக்கிறார்கள். இந்தக் கட்டத்துக்கு வாக்செல் என்று பெயர். ஒரே வாக்செலுக்குள் லட்சக்கணக்கான செல்கள் இருப்பதால் ஒன்றைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கான வாக்செல்கள் சேர்ந்து ஏறி இறங்கும் வடிவத்தைத்தான் கணினிக்குப் பழக்குகிறோம்.

பழக நல்ல இடம் ஜேம்ஸ் ஹாக்ஸ்பி குழு 2001-ல் வெளியிட்ட டேட்டா. 6 பேர், எட்டு வகைப் படங்கள்: முகம், வீடு, பூனை, பாட்டில், கத்தரிக்கோல், ஷூ, நாற்காலி, அப்புறம் அடையாளம் தெரியாமல் கலைத்த படம். ஒருவருடைய டேட்டாவே சுமார் 300 எம்பி வரும், அதனால் இணையத்திலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபைத் திறந்து அங்கேயே இறக்குங்கள், உங்கள் போன் டேட்டா பண்டல் கரையாது. நைலேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் ஹாக்ஸ்பி டேட்டாவை இறக்க ஒரே வரி போதும். அதிலேயே மூளையின் அடிப்பக்கத்து டெம்போரல் பகுதிக்கான மாஸ்க்கும் (அந்தப் பகுதியை மட்டும் காட்டும் வரைபடமும்) வருகிறது, முதலில் அதற்குள் இருக்கும் வாக்செல்களை மட்டும் எடுங்கள். 2.5 வினாடிக்கு ஒரு மூளைப் படம் என்று 12 ரன்களில், அதாவது 12 ஸ்கேன் சுற்றுகளில், 1452 படங்கள் இருக்கும். அதில் முகமும் வீடும் காட்டிய நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரன்னிலும் சிக்னல் மெல்ல மெல்ல நகர்வதை நீக்கி, சராசரியைச் சமப்படுத்தி, சைக்கிட்-லேர்ன் என்ற இன்னொரு பைத்தான் நூலகத்தின் லீனியர் எஸ்விஎம்மிடம் (வகை பிரிக்கப் பழகும் நிரலிடம்) கொடுங்கள். ரத்தத்தின் தாமதத்தை மறக்காதீர்கள். சிக்னலையும், அப்போது காட்டியது முகமா வீடா என்று சொல்லும் லேபிளையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் லேபிளை எத்தனை படம் பின்னால் நகர்த்த வேண்டும் என்று கண்ணுக்கே தெரியும்.

இனி வருவதை நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலான பொய் முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. அடுத்தடுத்த படங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், ரத்தம் மெதுவாக மாறுவதால். எல்லாவற்றையும் கலந்துவிட்டுப் பாதியில் பழக்கிப் பாதியில் சோதித்தால், தேர்வுக்கு முன்பே வினாத்தாளைப் பார்த்த மாணவனைப் போல கணினி மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போகும். 11 ரன்களில் பழக்கி, தொடாத ஒரு ரன்னில் சோதியுங்கள், அதையே ஒவ்வொரு ரன்னுக்கும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். சிறந்த வாக்செல்களைத் தேர்ந்தெடுப்பதும் பழக்கும் ரன்களுக்குள்ளேயே நடக்க வேண்டும், சோதனை ரன்னை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டாலும் எண் கெட்டது. பிறகு லேபிள்களை ரன்னுக்குள்ளேயே தாறுமாறாக மாற்றிப் போட்டு அதே நிரலை 1000 தடவை ஓட்டுங்கள். இரண்டு வகைக்கு 50 சதவீதத்தையும் எட்டு வகைக்கு 12.5 சதவீதத்தையும் ஒட்டி வரவில்லை என்றால் சோதனை ரன்னின் விடை எங்கேயோ கசிகிறது, அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

இதுவரை செய்தது பார்ப்பதைக் கணித்தது, நினைவை அல்ல. நினைவுக்குப் போகும் வழி, பார்க்கும்போது பழக்கி, நினைவுகூரும்போது சோதிப்பது. 2005-ல் ஷான் போலின் குழு இதைச் செய்தது: பிரபலங்களின் முகம், புகழ்பெற்ற இடம், சாதாரணப் பொருள் என மூன்று வகையைப் படிக்கச் சொல்லி, பிறகு கண்முன் எதையும் காட்டாமல் நினைவுக்கு வருவதையெல்லாம் சொல்லச் சொன்னார்கள். வாய் அந்தப் பெயரைச் சொல்வதற்குச் சில வினாடிகள் முன்னாலேயே அந்த வகையின் வடிவம் மூளையில் எழுந்துவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிவு இதுதான். 2010-ல் லண்டனில் மார்ட்டின் சாட்விக், எலினோர் மக்வயர் குழு இன்னும் நுணுக்கமாகப் போனது: 7 வினாடி ஓடும் மூன்று சின்ன வீடியோக்களில் எதை ஒருவர் நினைக்கிறார் என்பதை நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியில் எழும் வடிவத்தை வைத்தே, தற்செயலைவிட மேலாகச் சொல்ல முடிந்தது.

ஒரு நாள் உண்மையான ஸ்கேனர் நேரம் கிடைத்தால், டர்பன் முதியவர்களுடன் இப்படிச் செய்யலாம். ஒரு வாரம் முன்பே அவர்களிடம் உட்கார்ந்து, அவர்களுடைய சொந்த நினைவுகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: அம்கேனி ரோடு கோயில் காவடி நாள், அப்பாவோடு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் போனது, இப்படி. ஸ்கேனருக்குள் ஒரு குறிப்புச் சொல்லைக் காட்டி, கண்ணை மூடி 10 வினாடி நினைக்கச் சொல்லி, நடுவில் சின்னக் கணக்கு ஒன்றைக் கொடுத்து மனதைக் கலைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு நினைவுக்கு ஒரே சொல்லைக் காட்டினால் கணினி நினைவைப் படிக்கிறதா அந்தச் சொல்லைப் படிக்கிறதா என்று தெரியாமல் போய்விடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்கள் வையுங்கள், ஒன்றில் பழக்கி மற்றதில் சோதியுங்கள்.

உள்ளே போகும் முன் பேஸ்மேக்கர், உடம்பில் உலோகம் எல்லாவற்றையும் கேட்டு எழுதியாக வேண்டும். மூக்குத்தி, மெட்டி, தாலி கழற்ற வேண்டும் என்பதை அன்றைக்கு வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள், அம்மாமார்களுக்கு அது பெரிய விஷயம். மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வரலாம் என்று வீட்டிலேயே மரியாதையாகச் சொல்லி வையுங்கள்.

கிடைக்கும் விடை, நடந்ததைச் சொல்லாது. 2010-ல் ஜெஸ்ஸி ரிஸ்மன் குழு முகங்களை வைத்துச் சோதித்தபோது, ஒருவர் 'இதைப் பார்த்திருக்கிறேன்' என்று உணர்வதை நன்றாகக் கணிக்க முடிந்தது, உண்மையிலேயே பார்த்தாரா என்பதை அப்படிக் கணிக்க முடியவில்லை. அதனால்தான் மூளைச் சோதனையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது என்னைக் கவலைப்பட வைக்கிறது. 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்கில் இஇஜி (தலையில் மின்முனை வைத்து மூளையின் மின் அலைகளை அளக்கும்) சோதனை முடிவைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார்கள். 2010-ல் இந்திய உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் யாருக்கும் இப்படிச் சோதனை செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இங்கே தென்னாப்பிரிக்காவில் நம் அரசியல் சட்டத்தின் 35-வது பிரிவு, கைதானவருக்கு மௌனமாக இருக்கும் உரிமையைத் தருகிறது, அந்த மௌனத்தில் மூளையும் சேரும் என்பது என் உறுதியான கருத்து. தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவும் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டிய தகவலாகவே வைத்திருக்கிறது. சம்மதக் கடிதத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். ஸ்கேனிலிருந்து முகத்தை மீண்டும் உருவாக்க முடியும் என்பதால் பகிரும் முன் முகப் பகுதியை அழித்துவிடுங்கள்.

முடிவை வெளியிடும்போது எத்தனை வகை, தற்செயல் அளவு எவ்வளவு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்த எண், எந்தப் பகுதி வாக்செல்கள், லேபிள் கலைத்தபோது வந்தது என்ன, இவ்வளவும் எழுதுங்கள். வேலை செய்யாத ஆளின் எண்ணையும் சேர்த்து, நிரலையும் கூடவே போடுங்கள்.