பாட்டியோடு உட்கார்ந்து ஜப்பான் குடும்பக் கார்ட்டூன் பார்ப்பது எப்படி

முதல் வேலை, தனியாகப் போனில் பார்ப்பதை விடுங்கள். தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சொந்தபந்தம் உள்ள எங்கள் வீடுகளில், ராத்திரி கஞ்சி குடித்து முடிக்கிற நேரம் எல்லாரும் ஒரே அறையில்தான் இருப்போம், அப்போது டிவியில் போடுங்கள்.

சேட்டைக்காரச் சின்னப் பையன் ஒருவனின் வீட்டுக் கதையான ஷின்சானில் ஆரம்பிக்கலாம். தமிழ் பேசும் என்பதால் பாட்டிக்கு வாசிக்கிற தொல்லை இல்லை. சேட்டையை விடுங்கள், அந்த அப்பாவைக் கவனியுங்கள்: வீட்டுக் கடன் இன்னும் 32 வருஷம் பாக்கி, அந்த மனுஷன் சாயங்காலம் களைத்து வந்து சாக்ஸைக் கழற்றினால் வீடே மூக்கைப் பொத்துகிறது. எங்கள் அப்பா அந்த இடத்தில்தான் சிரித்தார்.

அப்புறம் சசாயே-சான், சசாயே என்ற பெண்ணின் குடும்பக் கதை. ஜப்பானில் 1969 அக்டோபரில் தொடங்கியது, ஞாயிறு மாலை 6.30 மணி நிகழ்ச்சி, இத்தனை வருஷத்தில் அதில் ஒருவருக்கும் வயது ஏறவில்லை. இதற்குப் பாட்டியைத் தயார்படுத்த பெயர்களைச் சொன்னால் போதும். தம்பி கட்சுவோ என்றால் நம்ம சூரை மீன், தங்கை வகாமே கடல்பாசி, சசாயே ஒரு வகைச் சங்கு. சூரையை வேகவைத்துப் புகைபோட்டுக் கட்டைபோலக் காயவைத்து, சீவிப்போட்டுத்தான் அவர்கள் சாறு வைக்கிறார்கள் என்றதும் பாட்டிக்கு ஆயிரம் கேள்வி. சசாயேவின் கணவர் மசுவோ மாமனார் வீட்டில் இருக்கிறார் என்றேன். "வீட்டோட மாப்பிள்ளையா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார், அதற்கு மேல் நான் எதையும் விளக்கவில்லை.

ஒன்றை மட்டும் ஜப்பான் மொழியிலேயே கேட்கவேண்டும், வாசல் பேச்சு. வெளியே கிளம்புகிறவர் "இத்தெகிமாஸ்" என்பார், அதற்குச் சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்' என்றே பொருள். உள்ளே இருப்பவர் "இத்தெராஷாய்" என்பார், போய்விட்டு வா. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது "ததைமா", அதாவது வந்துவிட்டேன், பதிலுக்கு "ஒகாயேரி", வந்துவிட்டாயா, வா. நான் அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டால் பாட்டி வாசல் வரை வந்து திருத்தாமல் விடமாட்டார், அப்படிப்பட்டவருக்கு இதை இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் கட்சுவோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாட்டி டிவியைப் பார்த்து, "போயிட்டு வா மக்களே" என்றார்.

நடுவில் யார் என்ன கேட்டாலும் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஒரு கதை ஏழு நிமிஷம்போலத்தான், ஓடிப்போய்விடாது.