கிளப் சதுரங்கப் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளப் அளவிலான இருவர் மோதும் ஆட்டத்தில், எதிராளி கடைசியாக ஏன் அந்தக் காயை நகர்த்தினார் என்று கேட்காமல் தன் திட்டத்திலேயே மூழ்கிக் கிடப்பவரே பெரும்பாலும் தோற்கிறார். இதைத் தொடக்கநிலையினரின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2006-இல் ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் கணினியுடன் ஆடிய அன்றைய உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக்கே, அடுத்த நகர்த்தலில் எச்7 கட்டத்தில் மேட் (ராஜா தப்ப வழியில்லாத செக்) விழுவதைக் கவனிக்கத் தவறினார்.

பழக்கத்தில் வெட்டுவதும் இதே குறையின் இன்னொரு முகம். இரு குதிரைத் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டமுறையில், வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து, சி4-இல் உள்ள பிஷப்புடன் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு டி5-க்குச் சிப்பாயைத் தள்ளுகிறது, வெள்ளை அதை வெட்டுகிறது. உடனே குதிரையால் திருப்பி வெட்டத்தான் கை போகும். அப்படி வெட்டினால், வெள்ளை எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து, ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து செக் வைக்கும்; டி5 குதிரையைக் காப்பாற்ற வேண்டுமானால் கறுப்பு ராஜா இ6 வரை நடுக்களத்துக்கு வந்தாக வேண்டும். அதற்குப் பதிலாக, சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குவதே நெடுநாளாக ஏற்கப்பட்ட வழி.

விதிகளை அறியாமல் புள்ளி இழப்பது இதைவிட வேதனையானது. காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) செய்ய எண்ணி யானையை முதலில் தொட்டுவிட்டால், அந்தப் பக்கம் காஸ்லிங் செய்ய முடியாது. ராஜாவைத்தான் முதலில் எடுக்க வேண்டும். டிராவைத் தன் நகர்த்தலை ஆடிய பிறகு, கடிகாரத்தை அழுத்தும் முன் கேட்பதே முறை. நகர்த்தலுக்கு 30 வினாடி கூடும் ஆட்டத்தில், நேரம் எவ்வளவு குறைந்தாலும் நகர்த்தல்களை எழுதுவதை நிறுத்தக் கூடாது.

எனக்கு மிகவும் மனம் பொறுக்காதது, வென்ற ஆட்டத்தில் வரும் அவசரம். கறுப்பு ராஜா ஏ8 மூலையில் தனியாக நிற்க, வெள்ளை ராணியை பி6-இல் வைத்தால், ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர ஒரு கட்டமும் இல்லை. நான்கு மணிநேர உழைப்பு ஸ்டேல்மேட்டாகி, அரைப்புள்ளியோடு முடிந்துவிடும். எதிராளியிடம் ராஜா மட்டும் எஞ்சியிருக்கும்போது, அது அடுத்து எந்தக் கட்டத்துக்குப் போக முடியும் என்று விரலால் காட்டக்கூடிய அளவுக்குத் தெளிவான பிறகே ராணியைத் தொட வேண்டும்.